சர்ட்டிபிகேட் தேதி

நான் யாரையும் குத்தம் சொல்ற ஆள் இல்ல பிள்ளே. எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஆனா சந்தேகம்னு ஒண்ணு இருக்கே, அது சோத்துல கெடக்கிற கல்லு மாதிரி. ஒரு தடவை பல்லுல பட்டுட்டா, அப்புறம் நல்ல சோத்தையும் பயந்து பயந்துதான் மெல்ல வேண்டியிருக்கு.

நீங்க மதுரை வரைக்கும் போறீங்களா? நான் கோயில்பட்டில இறங்கிருவேன். மடியில லேப்டாப் பை வச்சிருக்கீங்களே, கம்ப்யூட்டர் வேலையா? நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். நம்மளப் பத்தின விவரத்தை ஒரு இடத்துல நம்பி எழுதிக் குடுக்கோம். அதை எவனோ கம்ப்யூட்டர் வழியா களவாண்டுட்டுப் போயிடுறான். அதனால ஒரு குடும்பம் ரெண்டாகுது. குத்தம் யார்மேல? களவாண்டவன் மேலயா, காவல் வைக்காதவன் மேலயா, எழுதிக் குடுத்தவங்க மேலயா? எம்மகன் ஒண்ணு சொல்றான். எம்மக ஒண்ணு சொல்றா. ஆஸ்பத்திரிக்காரன் ஒண்ணு சொல்றான். என் மருமக சொன்னதைப் பத்தி மட்டும் நான் இதுவரை யார்கிட்டயும் வாய் திறக்கல. உங்ககிட்ட சொல்றேன், நீங்க அசலூர்தானே.

முதல்ல இருந்து வாரேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் ஆசீர், மதுரையில மருந்துக் கம்பெனியில வேலை. சின்னவ எப்சி, பாளையங்கோட்டையில டீச்சர். அவுக அப்பா கர்த்தர்கிட்ட போய் ஒன்பது வருஷம் ஆச்சு. ஆசீருக்குக் கல்யாணம் முடிஞ்சு அஞ்சு வருஷம். பொண்ணு கோயில்பட்டி, பேரு பெனிட்டா. நல்ல பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது. மடி நிறையல, அது ஒண்ணுதான் குறை. அதுக்காக நான் அவளை ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்ல. சாடை பேசினதில்ல, முகம் சுளிச்சதில்ல. ஜெபம் மட்டும்தான் பண்ணினேன்.

எங்க கோயில்ல வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் உபவாச ஜெபம் உண்டு. ஐயரம்மா, அதான் எங்க சபைப் போதகர் ஐயரோட வீட்டம்மா, ஒரு நோட்டு வச்சிருப்பாக. அவரவர் மனசுல உள்ள பாரத்தை எழுந்திருச்சுச் சொன்னா எழுதிக்கிட்டு, பேரைச் சொல்லி எல்லாரும் ஜெபிப்போம். அஞ்சு வருஷமா நான் ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்ல. காய்ச்சலோட போயிருக்கேன். 'எம்மருமக பெனிட்டாவோட கர்ப்பத்தைக் கர்த்தர் திறக்கணும்'னு சொல்லுவேன். நாப்பது பொம்பளைங்க அவ பேரைச் சொல்லிக் கண்ணீர் விடுவாக. எந்த மாமியா மருமகளுக்காக இப்படி நிப்பா, சொல்லுங்க.

இந்த ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலையில மீன் கழுவிக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. "ஸ்தோத்திரம், ஞானப்பூ அம்மாவா?"ன்னு ஒரு ஆம்பிளைச் சத்தம். அப்படி ஒரு பணிவு. அவரு ஏதோ வெளியூர் ஜெபவீட்டுல ஊழியக்காரராம். அன்னைக்கு விடியக்காலம் ஜெபத்துல என் பேரு அவருக்குக் காட்டப்பட்டுச்சாம். உங்க மகன் ஆசீர் துரை, மருமக பெனிட்டா, ரெண்டு பேரும் கர்ப்பத்தின் கனிக்குக் காத்திருக்காங்க, சரியாம்மான்னாரு. செதில் ஒட்டின கையோட நான் அப்படியே முழங்கால் போட்டுட்டேன். உங்க மகன் பிறந்தது மே முப்பதுன்னாரு. ஆமென்னேன். ரத்தம் ஓ பாசிட்டிவ்னாரு. ஆமென்னேன். ஏப்ரல் பதினேழாந்தேதி ரெண்டு பேரும் மதுரையில ஒரு ஆஸ்பத்திரிப் படி ஏறினதைத் தரிசனத்துல பாத்தேன்னாரு. அது எனக்குத் தெரியாத விஷயம். அதுக்கும் ஆமென்னேன்.

அவரு, அவருன்னு சொல்றேன் பாருங்க. வாய் பழகிப்போச்சு. எப்சி கேட்டா திட்டுவா.

இதைப் பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லக்கூடாது, சொன்னா வர்ற ஆசீர்வாதம் தடைபடும்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. நானும் சொல்லல. வெள்ளிக்கிழமை கூட்டத்துலகூட வாயைத் திறக்கல, ஐயரம்மாவே என்ன ஞானப்பூ இன்னைக்கு பாரம் ஒண்ணும் இல்லையான்னு கேட்டாக. ஒரு வாரத்துல மூணு தடவை பேசினாரு. மூணாவது தடவை சத்தத்தைத் தாழ்த்திக்கிட்டு, "குறை உங்க மருமகளிடத்தில் இல்லை அம்மா. உங்க மகனிடத்தில்தான் இருக்கு"ன்னாரு. அதுக்கு ஒரு அபிஷேக எண்ணெய் இருக்கு, அனுப்பி வைக்கிறேன், காணிக்கை உங்க இஷ்டம்னாரு. அனுப்பினேன். எவ்வளவுன்னு கேக்காதீங்க, அது இப்ப பெரிசில்ல.

பெரிசு என்னன்னா, எம்மகன். நான் பெத்த பிள்ளை, ஆறடி வளந்தவன், ஒரு தலைவலின்னு படுத்ததில்ல. அவன்கிட்ட குறைன்னு சொன்னா எந்தத் தாய் நம்புவா? ஆனா சொல்றது தீர்க்கதரிசி. மத்ததெல்லாம் சரியா இருக்கு, இது மட்டும் எப்படித் தப்பாகும்? ரெண்டு நாள் தண்ணி இறங்கல எனக்கு. மூணாம் நாள் புத்தி வேற பக்கம் திரும்பிச்சு. இது பெனிட்டாவுக்குத் தெரியும்ல? ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் என்கிட்ட மறைச்சிருக்கா. அப்ப வேற யார்கிட்ட சொல்லியிருப்பா? தன் பேரைக் காப்பாத்திக்க அவுக அம்மாகிட்ட சொல்லியிருப்பா. அவுக அம்மா யார்கிட்ட சொன்னாகளோ. இப்படியே கோயில்பட்டி பூரா எம்மகன் பேரு அடிபடுற மாதிரி எனக்கு ஒரு தோணல்.

பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். நயமாத்தான் கேட்டேன். ஏப்ரல் பதினேழாந்தேதி எங்க போனீங்க மக்களேன்னேன். யார் சொன்னது அத்தைன்னா. சொல்றவங்க சொன்னாக, குறை யார்கிட்டன்னும் சொன்னாக, நீ இதை யார் யார்கிட்ட சொல்லியிருக்கன்னு மட்டும் சொல்லுன்னேன். போனை வச்சிட்டா.

அங்க வீட்டுல நடந்ததை எனக்கு எப்சி பிறகுதான் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போனது ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. ரிப்போர்ட் வந்த அன்னைக்கு ஆசீர் அவ கையைப் பிடிச்சு, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன்னு சத்தியம் வாங்கியிருக்கான். அவ பெத்த தாய்கிட்டகூட சொல்லல. அப்படி இருக்க, நான் போன் பண்ணினதும் எம்மகன் அவளைப் பாத்து, உன் பேரைக் கழுவுறதுக்கு என் பேரைச் சந்தியில போட்டுட்டியேன்னு கேட்டுட்டான். மறுநாள் காலையில அவ ரெண்டு சேலையை மடிச்சு வச்சுக்கிட்டு கோயில்பட்டிக்கு பஸ் ஏறிட்டா. கூப்பிட்டா போனைக்கூட எடுக்கல.

அதுக்கப்புறம்தான் எப்சி வந்தா. டீச்சர்ல, குறுக்கு விசாரணை பண்ணாம விடமாட்டா. எனக்கு எப்படித் தெரியும்னு துருவித் துருவிக் கேட்டா. கர்த்தர் வெளிப்படுத்தினார்னேன். கர்த்தர் ரத்த குரூப் எல்லாம் சொல்வாராம்மான்னா. அவர் நினைச்சா கழுதையையும் பேச வைப்பார், உனக்கென்னன்னேன். வேற என்னெல்லாம் சொன்னார், ஒண்ணு விடாம சொல்லுன்னா. நானும் மே முப்பதுன்னு வாயெடுத்தேன்.

எப்சி கையை நீட்டி என்னை நிறுத்தினா. அப்புறம் மெதுவா, "அண்ணன் எப்பம்மா பொறந்தான்?"னா.

ஐப்பசி அடைமழையில பொறந்தான் அவன். ஆத்துல வெள்ளம் போகுது, அவுக அப்பா நர்சம்மாவைத் தோள்ல தூக்காத குறையா கூட்டிட்டு வந்தாக. அதை நான் மறப்பேனா? பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப அஞ்சு வயசு நிறையலன்னு, எட்மாஸ்டர்தான் அஞ்சு மாசத்தை முன்னால தள்ளி மே முப்பதுன்னு போட்டாரு. அந்தக் காலத்துல எங்க பக்கம் பாதிப் பிள்ளைங்க மேயிலதான் பொறந்திருக்கும். அந்தத் தேதிதான் சர்ட்டிபிகேட்ல, ஆதார்ல எல்லாத்துலயும்.

"அப்ப கர்த்தர் எட்மாஸ்டர் எழுதினதைப் பாத்துதான் சொல்றாராம்மா?"ன்னா எப்சி.

நான் பெத்தவ. அந்தத் தேதியை அந்தப் போன்காரன் சொன்னப்ப, நானே ஆமென்னு சொல்லியிருக்கேன் பாருங்க.

மறுபடியும் அவன் போன் பண்ணினான். எப்சி பக்கத்துல உக்காந்து, எம்மகன் எந்த மழையில பொறந்தான்னு கேளுன்னு ஜாடை காட்டினா. கேட்டேன். மே மாசத்துல ஏதும்மா மழைன்னான். தம்பி, உன்னை யார் அனுப்பினாங்கன்னு சொல்லுன்னேன். கட் பண்ணிட்டான். அதோட அந்த நம்பர் உயிரோட இல்ல.

ஆசீர் போன்ல ஒரு மெசேஜ் வந்து பத்து நாள் ஆகியிருக்கு, அவன் படிக்கவே இல்ல. அந்த ஆஸ்பத்திரி அனுப்பினது. பேரைச் சொல்ல மாட்டேன், குழந்தை இல்லாதவங்க போற இடம். எங்கள் கணினியில் இருந்து சிலரது விவரங்கள் வெளியாகி இருக்கலாம், வருந்துகிறோம்னு ரெண்டு வரி. இருக்கலாமாம். எப்சியைக் கூட்டிக்கிட்டு நேரா அங்க போயிட்டேன்.

உள்ள நுழையும்போதே எனக்கு அந்த கவுண்டர்ல இருந்த பிள்ளை மேல ஒரு கண்ணு. போனைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. போதாக்குறைக்கு நம்ம பக்கத்துப் பேச்சு வேற. நீ எந்த ஊரும்மா, எந்தச் சபைன்னு கேட்டேன். எப்சி கையைப் பிடிச்சு இழுத்துட்டா. மேனேஜர்னு ஒரு தம்பி, ரொம்ப மரியாதை, டீ எல்லாம் வரவழைச்சுக் குடுத்தான். ஹேக்கர்னு சொல்றாங்கம்மா, எந்த நாட்டுல உக்காந்து எடுத்தான்னே தெரியாது, நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான்னான். நான் சொன்னேன், தம்பி, எங்க கோயில் உண்டியலை ஒருத்தன் உடைச்சா முதல்ல மணி அடிச்சுக் கதவு பூட்டுற, சாவி வச்சிருக்கிற கோயில்குட்டியைத்தான் நிக்க வச்சுக் கேப்போம், திருடனை அப்புறம்தான் தேடுவோம். சாவி எங்ககிட்ட இல்லம்மா, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறது பெங்களூர்ல வேற கம்பெனின்னான். அவங்களைக் கேட்டா வேற யாரையோ காட்டுவாங்க போல. போலீஸ்ல கேட்டா புகாரையே கம்ப்யூட்டர்ல போடுங்கன்னாங்க. களவு போன வழியிலயே புகாரும் போகணுமாம்.

என் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னும் கேட்டேன். மேனேஜர் தம்பி ஒரு தாளைத் திருப்பிக் காட்டினான். அவசரத்துக்கு ஒரு சொந்தக்காரர் நம்பர்னு கேட்டிருக்காங்க. ஆசீர் கையெழுத்துல என் பேரும் நம்பரும். அப்ப அண்ணன் மேலயும் பாதித் தப்புதான்னு எப்சி சொன்னா. அது எப்படித் தப்பாகும்? பிள்ளை அவசரத்துக்குத் தாய் நம்பரைக் குடுக்காம யார் நம்பரைக் குடுப்பான்?

சரி, களவு போனது உறுதியாயிடுச்சு, பெனிட்டா யார்கிட்டயும் சொல்லலன்னு தெரிஞ்சுபோச்சு. இனி என்ன, போய் ரெண்டு வார்த்தை சொன்னா மருமக திரும்பி வந்துருவான்னு நினைச்சேன். மூணு சீப்புப் பழமும் பூவும் வாங்கிக்கிட்டு இதே பஸ்ல கோயில்பட்டிக்குப் போனேன். அவுக அம்மா காப்பியை வச்சிட்டு உள்ள போயிட்டாக. நான் நடந்ததெல்லாம் சொன்னேன். ஹேக்கரு, ஆஸ்பத்திரி, பெங்களூரு எல்லாம். அந்தத் திருட்டுப் பாவி நம்ம வீட்டு ரகசியத்தை இப்படிப் பண்ணிட்டானே மக்களேன்னு அழுதேன்.

அவ அழல. என்னை நிமிந்து பாத்துச் சொன்னா.

"அந்தத் திருடன் என்னைப் பத்தி ஒரே ஒரு ஆள்கிட்டதான் அத்தை சொன்னான். அதுவும் உண்மையைச் சொன்னான். நீங்க அஞ்சு வருஷமா நாப்பது பேர்கிட்ட பொய்யைச் சொல்லியிருக்கீங்க. அதுக்கு நான் யார்கிட்ட புகார் குடுக்க?"

பொய்யா? பிள்ளே, நீங்களே சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னேன். அது ஜெபம். ஜெபம் எப்படிக் களவாகும்? நான் அதைத்தான் அவகிட்டயும் கேட்டேன். அதுக்கு அவ போன வருஷ அசனத்தைப் பத்திச் சொன்னா. கோயில் விருந்துக்கு வந்திருந்தா அப்ப. சோத்துப் பந்தியில உக்காந்திருக்கும்போது, பேரு தெரியாத ஒரு பொம்பளை வந்து அவ வயித்துல கை வச்சு ஜெபம் பண்ணினாளாம். பக்கத்து இலைக்காரங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டாங்களாம். "என் வயித்தைப் பத்தி அவளுக்கு யார் சொன்னா அத்தை?"ன்னா. அன்னைக்கு அவ சாப்பிடாம எந்திரிச்சது எனக்கும் நினைவிருக்கு. வெயில் ஒத்துக்கலன்னு நினைச்சேன்.

பழத்தை அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்.

வர்ற வழி பூரா எனக்கு அவுக அம்மா மேலதான் சந்தேகம். இவ்வளவு பேச்சு அவளுக்குச் சொந்தமா வராது, யாரோ ஓதிக் குடுத்திருக்காங்க. அப்படித்தான் நினைச்சேன். ஆனா வெள்ளிக்கிழமை வந்துச்சு. ஒரு தப்பு நடந்திருந்தா அதே இடத்துல அதைச் சரி பண்றதுதான் முறைன்னு மனசாட்சி உறுத்துச்சு. எழுந்திருச்சேன். "எம்மருமக பெனிட்டாகிட்ட ஒரு குறையும் இல்ல. இத்தனை நாள் நான் தெரியாமச் சொல்லிட்டேன்"னேன். சொல்லிட்டு உக்காந்துட்டேன். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

ஐயரம்மா பாவம், நல்ல மனசு. "அப்ப மகனுக்காக ஜெபிப்போம், என்ன ஞானப்பூ?"ன்னுக்கிட்டே பேனாவை எடுத்தாக. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஆ, சீ, ர்னு அவுக எழுதுறதைப் பாத்தேன். என் நெஞ்சுல கீறி எழுதின மாதிரி இருந்துச்சு. என்னை அறியாமலே அவுக கையைப் பிடிச்சிட்டேன். "வேண்டாம் ஐயரம்மா, அந்தப் பேரை அடிச்சிருங்க. அது வீட்டு விஷயம்"னேன்.

பின்னால பாயில இருந்து ஒருத்தி, யாருன்னு நான் திரும்பிப் பாக்கல, "இத்தனை நாளா அது யார் வீட்டு விஷயமாம்?"னா.

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. ஐயரம்மா பேரை அடிச்சிட்டு அடுத்த பாரத்துக்குப் போயிட்டாக. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன். எம்மகன் பேரு அந்த நோட்டுல எழுதி முடியறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு. அவ பேரு எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை நோட்டு. ஒரு வருஷத்துக்கு அம்பத்திரண்டு. அதுக்கு மேல பெருக்க எனக்குத் தைரியம் வரல.

யார்கிட்டயும் சொல்லல நான் இதை. எப்சிகிட்டகூட இல்ல.

அதுக்குள்ள ஆசீர் போய் அவ கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டிருக்கான். சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்லியிருக்கான். அவ அவனை மன்னிச்சிட்டா போல. ஆனா திரும்பி வர்றதைப் பத்தி, அத்தை ஒரு தடவை வரட்டும், அவுககிட்ட பேசிட்டுச் சொல்றேன்னாளாம். நேத்து எனக்கே போன் பண்ணினா. வாங்கன்னா. சாப்பாடு வச்சிருக்கேன்னா. கடைசியில, "அத்தை, வந்து ஜெபம் மட்டும் பண்ணாதீங்க"ன்னா.

கேட்டீங்களா? ஒரு கிறிஸ்தவ வீட்டுல, மாமியார்கிட்ட சொல்ற வார்த்தையா அது? வாசல்ல காலை வச்சா ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டு உக்காரறது எங்க பழக்கம். ஜெபம் பண்ணாம நான் என்னத்தைப் பேசுவேன் அவகிட்ட? எனக்கு வேற எதுவும் பேசத் தெரியாது பிள்ளே. அவகிட்ட இத்தனை வருஷம் நான் பேசினது எல்லாம் கர்த்தர்கிட்ட பேசினதுதான்.

இந்த ஹேக்கரைப் பிடிச்சாங்கன்னா சொல்லுங்க, நாலு வார்த்தை கேக்கணும். அந்த மேனேஜரையும் நான் சும்மா விடப்போறதில்ல, எப்சி எழுதிப் போட்டிருக்கா. பூட்டு போடாதவன் மேல குத்தம் இல்லன்னு நீங்க சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா இன்னைக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல. இன்னைக்கு எனக்கு ஒரே கேள்விதான். கேட்டுப் பாக்கலாமான்னு இருக்கேன். 'உனக்காக ஜெபிக்கலாமா பெனிட்டா'ன்னு. அவகிட்டயே. இத்தனை வருஷத்துல அதை நான் கேட்டதே இல்ல, தெரியுமா?

அவ வேண்டாம்னு சொல்லிட்டா? சொன்னா, சரின்னுட்டு அவ போட்ட சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். மூணு நாள் உபவாசம் இருந்திருக்கேன், பச்சைத் தண்ணி படாம. இது அதைவிடக் கஷ்டமா இருக்கும்னு தோணுது.

இந்தா, கோயில்பட்டி வந்துடுச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கண்டக்டர் தம்பி, ஆள் இறங்கணும், நிப்பாட்டுங்க.

அட, இவ்வளவு நேரம் பேசியும் உங்க பேரைக் கேக்கவே இல்லையே நான். உங்களுக்கும் ஏதாவது பாரம் இருக்கும், முகத்தைப் பாத்தாலே தெரியுது. என்ன பேருன்னு சொன்னீங்கன்னா...

வேண்டாம், வேண்டாம். என்கிட்ட சொல்லாதீங்க.